பாலத்தில் பையப் போன வண்டி

1909 ஆகஸ்டு 3, செவ்வாய்

இதைப் பின்னால் படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான். ஆகையால் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் இருக்கிறது. வரி, பள்ளத்தில் இறங்கின சக்கரம்போல ஒரு பக்கம் சாய்கிறது. கிழவன் பிடித்த பேனா அப்படித்தான் போகும். ஆனாலும் அருமைநாயகம் என்று என் பெயரை நானே எழுதிவிட்டேன்! மை தடவிய கட்டைவிரல் இனி ஓய்வெடுக்கட்டும். கற்றுக்கொடுத்தவள் என் மகள் இன்பமணி, மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவள். அவள் புருஷன் ஞானசிகாமணி, சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, “இந்த வயசுல எதுக்கு மாமா?” என்றான். அவனுக்கு எந்த வயதில் அறிவு வருமோ, தெரியவில்லை.

ஆகஸ்டு 5, வியாழன்

இன்று ஆற்றுப்பாலத்தில் போலீஸ்காரன் என் வண்டியை மறித்தான். வேகமாக ஓட்டினேனாம். என் மயிலைக்காளையா! உள்ளே இருந்தவர் மேலப்பாளையம் ஜவுளி வியாபாரி காஜா முகைதீன். ரெயிலுக்குப் போகிற அவசரம். “அண்ணாச்சி, நான் எறங்கி நடந்தா முந்திப் போயிருவேன்வே” என்று பாலம் ஏறினதிலிருந்து முனகிக்கொண்டே வந்தார்.

நடந்தது இவ்வளவுதான். குதிரை ஜட்கா ஒன்று எங்களைத் தாண்டிப் பறந்தது. போலீஸ்காரன் முகமெல்லாம் புழுதி, தலைப்பாகை தரையில். பின்னாலேயே கொஞ்சம் ஓடினான், மூச்சு வாங்கினான், திரும்பினான். ஓடினதைப் பிடிக்கத் துப்பில்லை, நடந்ததைப் பிடித்தான்! பெயர் வைத்தியலிங்கமாம். தஞ்சாவூர்ப் பக்கம். போன வருஷம் நம் ஊரில் நடந்த கலகத்துக்குப் பிறகு கொண்டுவந்து இறக்கிய வெளியூர்ச் சரக்கு. கால் இரண்டும் அகப்பைக் காம்பு.

“யோவ் கிழவா, நிறுத்துய்யா! என்ன வேகம் இது?”

“பையத்தானவே போறேன்” என்றேன்.

அதற்கு முகம் சிவந்து, “அவ்வளவு திமிரா?” என்று பெயரைக் குறித்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் திமிரா?

ஆகஸ்டு 8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்ததும் என் காளையைப் பந்தயத்துக்கு விடுவேனா என்று கேட்டுச் சபையார் சிரித்தார்கள். இவர்கள் ஜெபம் பரலோகம் போய்ச் சேருமா?

ஆகஸ்டு 10, செவ்வாய்

சம்மன் வந்தது. வேறு யாரும் தொடவிடாமல் நானே படித்தேன். என் வாழ்நாளில் முதல்முதலாகப் படித்த சர்க்கார் காகிதம். அதில் நானே குற்றவாளி! வேகமாக ஓட்டியது ஒன்று. “பேயாகத்தான் போவேன்” என்று போலீசை எதிர்த்துப் பேசியது இன்னொன்று.

பேயா? தப்பாகப் படித்தேன் என்று நினைத்தேன். இந்தக் கொம்புகளெல்லாம் எழுத்துக்கு முன்னால் வந்து நின்று மிரட்டுகின்றன. மாட்டுக் கொம்புக்குப் பயப்படாதவன் எழுத்துக் கொம்புக்குப் பயப்படுகிறேன். இன்பமணியிடம் காட்டினேன். “இல்லப்பா, பேயேதான்” என்றாள்.

மருமகன் வந்தான். நாய்க்குப் பட்டை கட்டினதுபோல் காலரை இறுக்கிக்கொண்டு நின்றான்.

“குத்தத்த ஒத்துக்கிட்டு அபராதத்தக் கெட்டிருங்க மாமா. வழக்காடித் தோத்தா செயிலுல போட்டுருவாவ.”

“ஒத்துக்கிட்டா வண்டி லைசென்சு போயிரும்லா?”

“போனாப் போட்டும். நான் சோறு போட மாட்டனா?”

ஆகா! எப்போது இதைச் சொல்லலாம் என்று காத்திருந்தவன். கச்சேரி ஆட்கள் வரும்போது வாசலில் மாட்டுவண்டி நிற்பது இவனுக்கு அவமானம். அவன் கையால் ஒரு கவளம் தின்பதற்கு மயிலையின் வைக்கோலைத் தின்னலாம்.

ஆனாலும் செயில் என்ற சொல் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நான் உள்ளே போய்விட்டால் மயிலைக்கு யார் தண்ணீர் காட்டுவது? இவனா?

ஆகஸ்டு 11, புதன்

பை எழுதினேன். அடியில் பே எழுதினேன். பைக்குச் சங்கிலிக்கொம்பு, பேக்கு இரட்டைக்கொம்பு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பைய. பேயா. பையத்தானவே. பேயாத்தானே —

அட மடப்பயலே! நாம் பைய என்பதை அவன் ஊரில் மெள்ள என்பார்களாம். பைய என்ற சொல்லே அவனுக்குத் தெரியாது. நான் ‘பைய’ என்றேன், அவன் காதில் பேய் புகுந்தது!

இத்தனை நாளுக்குப் பிறகு இன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கோர்ட்டுக்குப் போகிறேன். எவன் தடுத்தாலும் சரி.

ஆகஸ்டு 12, வியாழன்

காஜா முகைதீனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். “அந்த மாட்டப் பத்திச் சொல்லக் கூப்பிடணுமாவே? அன்னைக்கி ரெயிலே போச்சு! ஓடி வாரேன்” என்றார். சந்தோஷம்தான். ஆனாலும் இத்தனை ஆசையாக வரவேண்டுமா?

ஆகஸ்டு 17, செவ்வாய்

பெஞ்சு மாஜிஸ்திரேட் தில்லைநாயகம் பிள்ளை நம் ஊர்க்காரர். கொட்டாவி விட்டபடியே கேட்டார். “போலீசுகிட்ட என்னவே சொன்னீரு?”

“பையத்தான் போறேன்னு சொன்னேன், ஐயா.”

வைத்தியலிங்கம் குதித்து எழுந்தான். “எசமான், கேட்டீங்களா? கோர்ட்டுலயே சொல்றார், பேயாத்தான் போவாராம்!”

கோர்ட்டு முழுவதும் சிரிப்பு. டவாலிச் சேவகன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீரு பைய உக்காரும்வே” என்றார். அவனோ, “நான் பேயா, எசமான்?” என்று கேட்டுவிட்டு அழுகிற முகத்தோடு நின்றான்.

பிறகு காஜா முகைதீன் ஏறினார். “எசமான், அது காளையில்ல. கொம்பு மொளைச்ச கல்லு. பாலத்துல என்னைய ஒரு நொண்டி ஆடு தாண்டிப் போச்சு.” ஆடு எங்கிருந்து வந்தது? அன்று ஆடே இல்லை! வாயைத் திறந்தேன். இன்பமணி பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

வழக்குத் தள்ளுபடி. லைசென்சு என்னிடம். மருமகன் வாழ்த்தக்கூட இல்லை. மயிலையிடம் ஆட்டுக் கதையைச் சொல்லவில்லை.

ஆகஸ்டு 24, செவ்வாய்

வாசலில் யாரோ நின்றார்கள். அகப்பைக் காம்புக் காலைப் பார்த்தே தெரிந்தது. ஞானசிகாமணி போலீசைக் கண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வீரன்!

“பெரியவரே, ஊர்லேருந்து அம்மா வந்திருக்காங்க. இங்க பாபநாசம் அருவியில குளிக்கணுமாம். இடுப்பு நோவு, வண்டி குலுங்கக் கூடாது. விசாரிச்சேன். எல்லாரும் உங்க வண்டியத்தான் சொல்றாங்க.” பிறகு பரீட்சைக்கு வந்தவன்போல மென்று விழுங்கிச் சொன்னான். “பைய... போனாப் போதும்.”

உச்சரிப்பு இன்னும் மட்டம்தான். இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் சரி என்றேன்.

நாளை விடியலில் புறப்படுகிறோம். அவன் வழியில் இன்னும் என்னென்ன உளறுகிறான் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன், மயிலை அதற்குள் திரும்பி வந்துவிட்டால்.