கையோடு போன புங்கங்கிளை

ஜூலை 7, திங்கள்

மேல்காற்று. காலையிலேயே துணிக்கொடி அறுந்து நாலு சேலையும் மண்ணில். மழை மட்டும் கிடையாது.

மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நேரம் சனி மாலை 5.29. பூமியின் ஏதோ ஒரு மூலையில் வெள்ளிக்கிழமை மிச்சம் இருக்கும்வரை அனுப்பலாமாம். நல்ல மனசு. ஏற்கெனவே இரண்டு மாநாடுகள் திருப்பி அனுப்பிவிட்டன. என் பகுதிநேர பிஎச்.டி. பதிவு இந்த வருடத்தோடு காலாவதி. இதுவும் போனால் எட்டு வருடம் அம்போ.

பாக்கி: படம் 2. லெம்மா 3-ஐச் சுருக்க. மேற்கோள் பட்டியல். இரண்டாம் ஆண்டு டெஸ்ட் பேப்பர் (63!). கேஸ் புக்.

பென்னாகரத்திலிருந்து காலேஜ் போகிற வழியில் வளைவில் சிறுபாலத்தை இடித்துக் கட்டுகிறார்கள். அரை கிலோமீட்டருக்கு ஒரு வண்டி போகிற அகலம்தான். இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. டவரும் இல்லை. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு பெண் கை காட்டி வண்டிகளை விட்டார். கடைசி வண்டி என்னுடையது. ஒரு புங்கங்கிளையைக் கையில் கொடுத்தார்.

“அந்தாண்ட நிக்கிறவருகிட்ட குடுத்துடுங்க மேடம்.”

கிளை போய்ச் சேர்ந்தால் இந்தப் பக்கத்து வண்டியெல்லாம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அவர் தன் பக்கத்தை விடுவார். அவருடைய கடைசி வண்டி கிளையைத் திருப்பிக் கொண்டுவரும்.

சிரித்துவிட்டேன். என் கட்டுரையே இதுதான். ஒற்றைப் பாதை, ஒருவரையொருவர் பார்க்க முடியாத இரண்டு காவலர்கள், ஒரு டோக்கன். மோதவும் மோதாது, ஒரேயடியாக நின்றும் போகாது என்று இருபது பக்கத்துக்கு நிரூபித்திருக்கிறேன். அது பச்சையாக என் ஸ்கூட்டியில் ஆடிக்கொண்டு வருகிறது! போகிற வழியெல்லாம் நிரூபணத்தின் துணைத்தேற்றம், அந்த லெம்மா 3 யோசனை. சுருக்க நல்ல வழி ஒன்றும் கிடைத்தது.

பதினோரு மணிக்கு காலேஜ் ஸ்டாண்டில் பார்த்தால் கிளை இன்னும் வண்டியில். கடவுளே. பாதி வழியில் புளியந்தோப்பு மண்பாதையில் வழக்கம்போலக் குறுக்கே திரும்பிவிட்டிருக்கிறேன். அந்த முனைக்கே போகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காற்று அடங்கவில்லை. கண்ணெல்லாம் மண்.

அதே பெண். பெயர் சின்னபாப்பா. வயது என் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டியைத் தூரத்தில் பார்த்ததுமே இடுப்பில் கை.

“நீங்கதானா அது? ஏங்க, பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. கிளைய வூட்டுக்கா தூக்கிட்டுப் போனீங்க? முக்கா மணி நேரம் ரெண்டு பக்கமும் வண்டி நின்னுச்சு. பஸ்காரன் கேக்கக் கூடாத கேள்வியெல்லாம் என்னையக் கேட்டான்!”

மறந்துட்டேங்க, மன்னிச்சிடுங்க என்றேன். வேறென்ன சொல்ல. “சரி போங்க. இன்னிக்கி ஒங்களுக்குக் கிளை கெடையாது” என்று பின்னால் வந்த பால் டெம்போவிடம் கொடுத்தார். டெம்போக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மானம் போயிற்று.

மூன்றாவது பீரியட். போர்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். லெம்மா 3-இன் முதல் வரி, நானே எழுதியது: டோக்கனைப் பெற்றவர் மறுமுனையை அடைவார்.

நான் அடையவில்லையே.

முழு நிரூபணமும் ஏறி நிற்கிற படி அது. “மேடம், சாக்பீஸ் தரட்டுங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள். கையில் இருக்கிறது என்றேன்.

ஜூலை 9, புதன்

கைடுக்கு போன்.

“எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறாங்க. டோக்கன் போய்ச் சேரும்னு ஒரு அசம்ப்ஷன். ரெவ்யூவர் அதுல கை வைக்க மாட்டான். அனுப்பிடு.”

“சேரலையே சார்.”

“எங்க சேரலை?”

சொல்ல வெட்கம். வைத்துவிட்டேன்.

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். சட்னியைத் தொட்டுக்கொண்டே, “ஓட்டை இருக்கிறது உனக்கு மட்டும்தானே தெரியும்?” என்றார். அதுதானே பிரச்சினை.

முயற்சி 1: இவ்வளவு நேரம் பார்த்தும் கிளை வராவிட்டால் தொலைந்தது என்று வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தை விடலாமா? கூடாது. கரும்பு டிராக்டர் உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கலாம். மெதுவாக வருவதும் வராமலே போவதும் முனையில் நிற்பவருக்கு ஒன்றுதான். முயற்சி 2: இரண்டு கிளை. அதற்கு இரண்டு மறதிக்காரிகள் வந்தால்? முயற்சி 3 பாதியில். தலைவலி. டெஸ்ட் பேப்பர் இன்னும் 63.

பொய் என்று தெரிந்த வரியை என்னால் அனுப்ப முடியாது. அனுப்பாமல் இருக்கவும் முடியாது. எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

காலையில் சாம்பார் அடிப்பிடித்தது. அப்போதுதான் உறைத்தது. முக்கால் மணி நேரம் நின்ற வண்டிகள் பிறகு எப்படிப் போயின? யாராவது விட்டிருக்க வேண்டும் அல்லவா? இதைக் கேட்காமல் மூன்று நாள் என்ன செய்துகொண்டிருந்தேன்!

சீக்கிரமே கிளம்பி, வண்டியை ஓரம் கட்டிக் கேட்டேன்.

“எப்படி விடறது? நடந்து போனேன்.”

“எங்க?”

“அந்தாண்டதான். ரோட்டோரமாவே, உள்ள எதுனா வண்டி நிக்குதா, வருதான்னு பாத்துக்கிட்டே. ஒண்ணுமில்ல. அங்க நிக்கிற மாதையன்கிட்ட வேற கிளைய ஒடிச்சுக் குடுத்தேன்.”

நடந்து போனார்! என் கட்டுரையில் காவலர்கள் இரண்டு புள்ளிகள். அவர்கள் நடக்கக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை. நான்தான் எட்டு வருடமாக நிற்க வைத்திருக்கிறேன்.

“அதே நேரம் மாதையனும் கிளம்பி வந்தா?”

“நடுவுல பாத்துக்குவோம். வெத்தலையப் போட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான்.”

“சரி, நான் அந்தப் பழைய கிளையோட சாயங்காலம் வந்து மாதையன்கிட்ட நீட்டியிருந்தா?”

“வாடியிருக்குமில்ல? மாதையன் என்ன கிறுக்கனா? அதில்லாம, காணாமப்போனது புங்கன்னா அடுத்தது வேம்புதான். அப்புறம் புங்கனோட எவன் வந்தாலும் செல்லாது. மொதல்ல பச்சை பெயிண்டு அடிச்ச குச்சிதான் குடுத்தாங்க. அது இன்னிக்கிதா நேத்தியதான்னு எப்படித் தெரியும்?”

பின்னால் பஸ் ஹாரன். “மேடம், ரோட்ட விடுங்க!” ஸ்கூட்டி மேல் வைத்தே ஒரு டெஸ்ட் பேப்பரின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அந்தப் பையன் விடைத்தாளில் மொத்தமே நாலு வரிதான். இப்போது பக்கம் நிரம்பிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

லீவு போட்டேன். காய்ச்சல் என்று பொய்.

காலை ஆறிலிருந்து இரண்டு வரை. பழைய லெம்மா 3 காலி. புதியதில் காவலர் நடக்கலாம். தாளில் இலை வாடாது, ஆகவே கேள்வி: எத்தனை வகை மரம் வேண்டும்? இரண்டா, நாலா, எண்ணிக்கையே இல்லையா? எனக்குப் பசிகூட எடுக்கவில்லை. ஒரு மணிக்கு விடை: தொலைந்து வெளியே திரிகிற கிளைகளைவிட ஒரு மரம் அதிகம். அதற்குக் குறைந்தால் போதாது. நிரூபணம் அரைப் பக்கம். எழுந்து சமையலறையை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். சந்தோஷம். சுத்தமான சந்தோஷம்.

அப்புறம் ஒரு சங்கடம். நடப்பது சின்னபாப்பாவுடையது. மரத்தை மாற்றுவதும் சி.பா.வுடையது. என்னுடையது எண்ணிப் பார்த்ததும் மறந்துபோனதும்.

மூன்று மணிக்கு ரோட்டுக்குப் போனேன்.

“நான் எழுதற கட்டுரைல ஒங்க பேரையும் போடணுங்க. இந்தக் கிளை விஷயந்தான்.”

“நீங்க தூக்கிட்டுப் போனத எழுதியிருக்கீங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப என்னாத்த எழுதியிருக்கீங்க!” சிரித்தார். பிறகு யோசித்து, “கேஸு கீஸு எதுவும் வராதுங்களே?”

“வராதுங்க.”

“சரியா தப்பான்னு யாரு பாப்பாங்க?”

“எங்கயோ வெளிநாட்டுல மூணு பேரு.”

“அவங்க ரோட்டுல நின்னிருக்காங்களா?”

கட்டுரையை ஏற்ற உங்க மெயில் ஐடி வேணுங்க என்றேன். மெயில் ஐடி இருக்கிறதாம். ஸ்காலர்ஷிப்புக்கு என்று மகள் அவர் போனில் திறந்து வைத்தது. “இனிஷியலு எம்முங்க. தப்பாப் போட்றாதீங்க. ரேஷன் கார்டுல தப்பாப் போட்டு நாலு வருசமா அலையறேன்.”

ஜூலை 12, சனி

காற்று இல்லை. புழுக்கம்.

2.15: இறுதி வடிவம் கைடுக்கு. ஆசிரியர்கள் மூன்று பேர்.

2.50: “யாரும்மா இது சின்னபாப்பா? எந்த காலேஜ்?”

ரோடு வேலை சார் என்று எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், கிளையை எடுத்துக்கொண்டு போனது உட்பட.

3.30: “கடைசியில் நன்றின்னு ஒரு வரி போடு, போதும். ஆசிரியர்னா நிரூபணம் எழுதினவங்க.”

நீங்களும் ஒரு வரி எழுதலையே சார் என்று டைப் செய்தேன். அழித்தேன். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர். எட்டு வருடம். மறுபடி டைப் செய்தேன்.

4.10: அனுப்பினேன். இரண்டு நீல டிக்.

4.40: ஒன்றுமில்லை. இவர் டீ வைத்துவிட்டுப் போனார். புண்ணியவான்.

5.05: “நம்ம துறை வழக்கப்படி அகரவரிசைதானே?”

ஆமாம் சார். ஆங்கில வரிசை. சி, ஆர், வி. அவர் முதல், நீங்கள் அடுத்து, நான் கடைசி.

5.11: “லெம்மா 3 இப்ப நல்லா இருக்கு.”

வேறொன்றும் இல்லை. சரி என்றுதானே அர்த்தம்? சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

5.17: ஏற்றியாயிற்று. கட்டுரைக்கு எண் வந்தது. இனிஷியலை மூன்று முறை சரிபார்த்தேன்.

5.50: சி.பா. போன். பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

“மேடம், எனக்கு என்னமோ இங்கிலீஷ்ல மெயிலு வந்திருக்குது. எம் பேரு மொதல்ல இருக்குது. அழிச்சிடட்டுங்களா?”

“ஐயோ, அழிக்காதீங்க!”

“சரிங்க. அப்புறம் இன்னொண்ணு. திங்கக்கெழமையில இருந்து எங்கள காரிமங்கலத்தாண்ட மாத்தறாங்க. அங்க மூணு பக்கமும் ரோடு. மூணு பேரு நிக்கணுமாம். அப்ப நான் கிளையோட எந்தப் பக்கம் நடக்கறதுங்க?”

தெரியலைங்க என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

“நாளைக்கி லீவுதான். நானும் யோசிக்கிறேன், நீங்களும் யோசிங்க” என்று வைத்துவிட்டார்.