உன் அப்பாவை இரண்டாம் தடவை புதைத்தோம்

அன்பு மகன் லாம்பிஸுக்கு அம்மா எழுதுவது. எனக்கு நடமாட்டம் இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, அதற்கு மேல் என்னைப் பற்றிக் கேட்காதே. நீயும் மருமகளும் குழந்தையும் அந்த ஜெர்மனிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவுக்குத் தினமும் விளக்கேற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கல்லறைக்குப் போனாயா என்று கேட்டாய், போனேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எந்தக் கல்லறை என்று சொல்ல வாய் வரவில்லை. எழுத்தும் எனக்குச் சரியாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

ஊருக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது, ஊரையே எடுக்கப்போகிறோம் என்று நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு கரியே இனி வேண்டாம், காற்றாடியும் சூரியத் தகடும் போதும், யாரும் வீட்டை விட வேண்டாம் என்றார்கள். அப்பா அந்த நிம்மதியோடுதான் கண்ணை மூடினார். இந்த வருஷம் ரஷ்யாவிலிருந்து காஸ் வரவில்லை, மறுபடி கரி வெட்டியாக வேண்டும் என்று ஏதென்ஸிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. முதலில் கல்லறைத் தோட்டம், அக்டோபர் கடைசியில் வரும் திமித்ரியோஸ் திருநாளுக்குள் காலி செய்ய வேண்டும் என்று ஊர்த்தலைவர் ஸ்டாதிஸ் வீடு வீடாக வந்து சொன்னான். புதைத்து மூன்று வருஷம் நிறைந்தவர்களின் எலும்பை நம் வழக்கப்படி எடுத்து மதுவில் கழுவிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். அப்பாவுக்கு இன்னும் நிறையவில்லை, நான் தொட மாட்டேன் என்றேன். உன் அத்தை எலிசாவெத் விடுவாளா, "என் தம்பி ஆயுசு பூரா அந்தக் கரி வெட்டுற மிஷின ஓட்டினான், இப்ப அந்த மிஷினே அவன வாரிக்கிட்டுப் போகணுமா? மெலிஞ்ச உடம்புடி பார்த்தேனா, கரைஞ்சிருக்கும், எடுத்துரலாம்" என்று அழுதாள். சரி என்றேன்.

நான் வெள்ளைத் துணி தைத்து வைத்திருந்தேன், மதுவும் தொட்டியும் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்தார்கள். லாம்பிஸ், அவர் அப்படியே இருந்தார். நீ வாங்கிக் கொடுத்த கோட்டின் பொத்தான்கூடப் போட்டபடியே இருந்தது. முகத்தை நான் பார்த்தேன், உனக்குச் சொல்ல மாட்டேன். பின்னால் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், ஒருத்தி "மண்ணு ஏத்துக்கலையே, யார் சாபமோ" என்றாள். அத்தை திரும்பி, "சாபம் குடுத்தவன் ஏதென்ஸ்ல டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், அங்க போய்க் கேளுடி" என்று கத்தினாள். மதுவைத் தரையில் ஊற்றிவிட்டு வந்தேன். வேறு பெட்டியில் வைத்து டவுனுக்கு வெளியே ரோட்டோரம் புதுக் கல்லறையில் புதைத்தோம். பாதிரியார் யோவாக்கிம் முழு ஜெபத்தையும் மறுபடி படித்தார். ஒரு மனுஷனுக்கு இரண்டு தடவை மண் போட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். அடுத்த மாதம் டிவியில் மந்திரி வந்தார். கப்பலில் காஸ் வருகிறதாம், நம் ஊர்ப் பக்கம் வெட்டப்போவதில்லையாம், கரி எரிக்கிற மின் நிலையத்தையும் சீக்கிரம் மூடுகிறார்களாம். ஸ்டாதிஸ் ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தான், காபிக் கடையில் சாராயம் ஊற்றினார்கள். நான் எதிரில் வந்ததும் ஸ்டாதிஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "மன்னிச்சுக்கங்கக்கா, எங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா?" என்றான். அவனைச் சொல்லி என்ன. எலும்புப் பெட்டி வைத்திருந்தவர்கள் காரில் மடியில் வைத்து ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பாவைக் கொண்டுவர முடியாது. புதிதாகப் புதைத்தவரை மூன்று வருஷம் திறக்கக் கூடாது என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அத்தை உனக்குப் போன் செய்வாள், மகன் மனுக் கொடுத்தால் விடுவார்கள், தம்பி தனியாகக் கிடக்கிறான் என்று அழுவாள். நீ கொடுக்காதே. இன்னொரு தடவை அந்தப் பெட்டி திறப்பதை நான் பார்க்க மாட்டேன்.

அவர் தனியாகவும் இல்லை. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு டவுனில் ஓர் அறை எடுத்திருக்கிறேன், ஜன்னலில் நின்றால் அந்தக் கல்லறைச் சுவர் தெரியும். இங்கே மின் நிலையத்திலிருந்து குழாயில் வெந்நீர் வந்து அறை சூடாக இருக்கிறது. நாம் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் விறகுதான் எரித்தோம், அப்பா வெட்டிய கரியில் டவுன்காரர்கள் குளிர் காய்ந்தார்கள். இப்போது நானும் காய்கிறேன், தூக்கம் வரவில்லை. நிலையத்தை மூடினால் அடுத்த குளிருக்கு என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

குழந்தையின் இருமலுக்கு மார்பில் எண்ணெய் தேய், ஈரத் தலையோடு வெளியே விடாதே. அத்தையிடம் கோபமாகப் பேசாதே, அவள் தம்பி மேல் உள்ள பாசத்தில்தான் செய்தாள். கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும், மாதா உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும். மூன்று வருஷம் நிறைந்ததும் வந்து சேர், அவரை ஊருக்குக் கொண்டுபோகலாம். அதற்குள் நான் போய்விட்டால் என்னை இங்கேயே அவர் பக்கத்தில் வை. அப்புறம் எந்த மந்திரி என்ன சொன்னாலும் எங்களைத் தோண்ட நீ சம்மதிக்காதே.

உன் அம்மா,
பார்த்தேனா