வெங்கேக்கு அனுப்பிய படம்

மோல்டே,
2 செப்டம்பர் 1963

அன்புள்ள தூருன்,

என் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. கை பெரிதாக எழுத மறுக்கிறது. பார்க்கின்சன் நோயாம். நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு வந்து இப்போதுதான் பார்க்கிறாராம் டாக்டர். என்னவோ நான் அவருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது போல முகம் மலர்ந்து சொல்கிறார்.

கை போனால் போகட்டும், முகம் போய்விட்டதடி. உள்ளே சிரிக்கிறேன், வெளியே ஒன்றும் அசைவதில்லை. வகுப்பில் பிள்ளைகள் நான் கோபமாக இருப்பதாக நினைத்து மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். கோடை விடுமுறைக்கு வெங்கே வந்திருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "நான் வந்தது உனக்குப் புடிக்கலையாம்மா? ஏன் என்னை அப்படி முறைக்கிற?" நோய் என்றேன். "நோய்னா காய்ச்சல்தானே அடிக்கும்?" என்றாள். ஒரு வாரம் முன்னாலேயே ஓஸ்லோவுக்கு, அவள் அப்பாவிடம் கிளம்பிவிட்டாள். ஓட்வாரும் நானும் பிரிந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை.

நீ மனிதர்களின் முகத்தை வைத்தே பிழைப்பவள். என் மகள்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் கொடு. நவம்பரில் அவளுக்கு ஒன்பது முடிகிறது. கப்பல் ஏறி பெர்கனுக்கு வருகிறேன்.

உன்
ரக்னா


பெர்கன்,
31 அக்டோபர் 1963

என் அன்பு ரக்னா,

சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ விட்டுப்போன கையுறை என்னிடம் இருக்கிறது.

மூன்று நாளும் உன்னை என்ன பாடு படுத்தினேன்! ஜன்னலுக்கு முதுகைக் காட்டு, கதவோரம் நில், வெங்கே பிறந்த கதையைச் சொல் என்று. நீ பேசப் பேச ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தேன், முகம் புகையாகக் கலைந்துபோனது. கையை மட்டும் எடுத்தேன், அது யார் கையாகவும் இருந்தது. பக்கவாட்டில் எடுத்ததில் காசில் அச்சடித்த ராணி மாதிரி இருக்கிறாய். பாதி முகத்தை இருட்டில் விட்டது ஒன்றில் மட்டும் கண் பேசியது. அதைத் தபால்காரர் ஹால்வர்டிடம் காட்டினேன். "பாவம், யாரு தவறிட்டாங்க?" என்று தொப்பியைக் கழற்றினார்.

கவலைப்படாதே. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. நீ சொன்னபடி நேராக வெங்கேக்கே அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்புகிறேன். கொஞ்சம் வேலை அதிகம், பொறுத்துக்கொள்.

உன் தோழி
தூருன்


மோல்டே,
19 நவம்பர் 1963

தூருன், என் தங்கமே,

வெங்கே கடிதம் எழுதியிருக்கிறாள்! நான் எழுதாமலே அவளாகவே! "படத்தில் நீ என்னையே பார்க்கிறாய் அம்மா. ஈஸ்டருக்கு வருகிறேன்" என்று எழுதியிருக்கிறாள். பதினான்கு தடவை படித்துவிட்டேன்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது? என் கண்ணில் இன்னும் நான் இருக்கிறேன் என்று யாருமே நம்பவில்லை, நீ அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டாய். அவளுடைய பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்து வைத்துவிட்டேன். நவம்பரிலேயே ஈஸ்டருக்குத் தயார் என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

என் பிரதி எங்கே, சோம்பேறி?

ரக்னா


மோல்டே,
3 ஏப்ரல் 1964

தூருன்,

வெங்கே வந்தாள், போனாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் முகத்தையே பார்த்தாள். எதையோ எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. மறுநாள் மலைக்குப் போனோம். பனியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். மூன்றாம் நாள் காலை பையிலிருந்து உன் படத்தை எடுத்து என் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள்.

"தூருன் அத்தைக்கு மட்டும் சிரிச்சிருக்க. எனக்குன்னா நோயா?"

அப்போதுதான் அதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த உதடு எனக்குத் தெரியும். அவள் கைக்குழந்தையாக இருந்த கோடையில் நீ எடுத்த படத்தில் இருந்த உதடு. ஒன்பது வருஷத்துக்கு முந்திய என் சிரிப்பை இந்த முகத்தில் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாய்.

சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அவள் அன்றைக்கே அப்பாவுக்குத் தொலைபேசி செய்தாள்.

ஏன் இப்படிச் செய்தாய்?

ரக்னா


பெர்கன்,
8 ஏப்ரல் 1964

ரக்னா,

என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

பிறந்தநாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. என்னிடம் முப்பத்தொரு தோல்விகள் இருந்தன. தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு முடிந்து படம் எடுக்க வரும் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பருக்களை, நெகட்டிவில் பென்சில் வைத்து மறைப்பது எங்களுக்கு அன்றாட வேலை. டச்சிங் செய்யாத படத்தை எந்த அம்மாவும் வாங்கமாட்டாள். அந்தப் பழக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பழைய படத்தைப் பார்த்து உதட்டோரத்தைக் கத்தியால் சுரண்டிப் பென்சிலால் கொஞ்சம் தூக்கினேன், கால் அங்குலம்கூட இல்லை. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்கு உன்மேல் இருந்த ஏக்கமும் சேர்ந்துகொண்டது. நீ வெங்கேமேல் வைத்த ஆசை உண்மைதானே, அதைத்தானே காட்டினேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஓஸ்லோ போகிறேன். பென்சில் கோட்டை வெங்கேக்குக் காட்டி, எல்லாம் என் வேலை என்று சொல்லிவிடுகிறேன். நீ சரி என்று ஒரு வரி எழுது.

தூருன்


மோல்டே,
13 ஏப்ரல் 1964

தூருன்,

ஓஸ்லோவுக்குப் போகாதே.

நேற்று ஓட்வாரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வெங்கே அந்தப் படத்தைக் கிழித்திருப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லையாம். சாப்பாட்டு மேசையில் பால் குவளைமேல் சாய்த்து வைத்து அதனிடம் பேசுகிறாளாம். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் விழுந்தது, கணக்கு டீச்சர் திட்டியது, எல்லாவற்றையும். எனக்குப் பல் விழுந்ததே தெரியாது. நோய் உண்மைதான் என்று அவனும் சொல்லிப் பார்த்திருக்கிறான். "அப்போ படத்துல எப்படிச் சிரிச்சா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாளாம்.

நெகட்டிவைக் காட்டினால் அவள் நம்புவாள். எனக்குத் தெரியும். அப்புறம் யாரிடம் பல் விழுந்ததைச் சொல்வாள்? என்னிடமா? அவளைப் பயமுறுத்தும் இந்த முகத்திடமா? அது மாதத்துக்கு மாதம் இன்னும் மரத்துக்கொண்டே போகிறது. எனக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக அவளிடமிருந்தும் பிடுங்க என்னால் முடியாது.

கோடைக்கு வரமாட்டாளாம். நானும் வா என்று சொல்லவில்லை. உன்னை வெறுக்கவும் தெம்பில்லை, ஆனால் இனி உன் கடிதத்தைத் திறக்கமாட்டேன். யாரிடமும் எதையும் சொல்லாதே.

ஒரு நிமிஷம் அவளைக் கூப்பிடு என்று ஓட்வாரைக் கெஞ்சினேன். அவன் கூப்பிட்டான். அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து சொன்னது கம்பியில் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"வேணாம்பா. அம்மாகிட்ட இப்பதான் பேசி முடிச்சேன்."

ரக்னா