வேப்பந்தட்டை என்று தட்டிய வரி

நேற்று பழைய பீரோவை ஒழித்தபோது ஒரு கார்பன் தாள் கிடைத்தது. மை வாசனை இன்னும் லேசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன், உன் மனைவி பெயரும் மகள் பெயரும் தெரிந்தன. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன், நண்பா.

எழுபதுகளின் கடைசியில், எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டிய சட்டையோடு பெரம்பலூரில் என் டைப் இன்ஸ்டிட்யூட் வாசலில் வந்து நின்றாய். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நீ. தோட்டத்து மக்களைச் சிலோன் அரசும் நம் அரசும் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்தபோது உன்னை இங்கே அனுப்பினார்கள். உன் மனைவியின் பெயர் அவளுடைய அப்பா சிலோன் குடியுரிமை கேட்டுப் போட்ட மனுவில் இருந்ததால் அவளும் கைக்குழந்தையும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"எங்க ஆத்தாகிட்ட ஊரு எதுன்னு கேட்டாங்க மாஸ்டர். பாட்டன் ஊரு வேப்பந்தட்டைன்னுச்சு, அதையே எனக்கும் ஊருன்னு எழுதிட்டாங்க. ஆத்தா இந்தப் பக்கம் வந்ததே இல்ல" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்களை இங்கே வரவழைக்க மனு மேல் மனு தட்டினேன். குடும்பம் என்றால் கணவனோடு மனைவியும்தான், அவள் உங்கள் ஆள் என்றது சிலோன் அரசு. குடும்பம் என்றால் ஒரே மனுவில் பெயர் உள்ளவர்கள் மட்டும், அவள் உங்கள் ஆள் என்றது நம் அரசு. இருவரும் காட்டியது ஒரே ஒப்பந்தத்தின் ஒரே வரியை. "படிச்சவங்கதானே மாஸ்டர் ரெண்டு பேரும்?" என்று கேட்டாய்.

பிறகு நான் செய்த காரியம். கடைசி மனுவில் மனைவியின் ஊர் என்ற இடத்தில் வேப்பந்தட்டை என்று தட்டினேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் ஊர்தானே ஊர், நம் பக்கம் யார் வேறு மாதிரி சொல்வார்கள்? நீயும் பார்த்துத் தலையாட்டினாய். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: மனைவி வேப்பந்தட்டையில் வசிப்பதால் நுழைவு அனுமதி தேவையில்லை. திருத்தி அனுப்பிக் காத்திருந்தபோதே அங்கே கலவரம் மூண்டது. அப்புறம் அங்கிருந்து ஆட்களைக் கொண்டுவந்த கப்பலும் நின்றது.

நீ என்னைத் திட்டவே இல்லை. "வுடுங்க மாஸ்டர், காயிதத்துலயாவது எங்கூட இருந்துச்சே" என்றாய். திட்டியிருக்கலாம் நீ. அந்த வார்த்தைதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

இப்போதும் டிவியில் இரண்டு நாடுகள் ஒரு ஷரத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கின்றன. நன்றாகத்தான் பேசுகிறார்கள். எந்த வீட்டில் யார் காத்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டு அணைத்துவிடுகிறேன்.

எண்பதுகள் முடிவதற்குள் நீ போய்விட்டாய். இறப்பைப் பதிய நான்தான் போனேன், வேறு யார் இருந்தார்கள். "வூட்டுக்காரம்மா எந்த ஊருங்க?" என்று கேட்டார் கிளார்க். வேப்பந்தட்டை என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சிலோன்ல இருக்காங்க சார். வர முடியல" என்றேன்.

அதை அப்படியே எழுதிக்கொண்டார். அத்தனை வருஷம் மனு போட்டும் எழுத முடியாத உண்மைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.