ஞாயிற்றுக்கிழமை ஏறாத மலை

வாழைக்குலை வாங்க இன்று காலை மார்த்தாண்டம் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு வாடகைக் காருக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். சிநேகிதா, நீ போய் நாலு வருடமாகிறது. எனக்கு ஒன்றும் ஆறவில்லை.

உன் சளியில் ரத்தம் கண்டதும், மலைக்காற்று பட்டால்தான் பிழைப்பாய், சீக்கிரம் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். கொடைக்கானலுக்குக் கார் பேசினோம். ஊர் பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்று நீதான் அடம்பிடித்தாய். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டாதவன் நீ. களியக்காவிளைக்கார டிரைவர் கோட்டை, கோயில் என்று கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்திக் கதை சொன்னார்; பாதிக்கு மேல் தப்பு. நீ திருத்தாமல் தலையாட்டிக் கேட்டாய். சனிக்கிழமை சாயங்காலம் மதுரையில் நாயக்கர் மகால் தூணைக் கட்டிப்பிடித்து, "ஏலே, கை எட்டல்ல, நீயும் அந்தப் பக்கமா வந்து பிடி" என்றாய். பிடித்தேன். அப்போதும் நம் விரல்கள் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் டிரைவர் வானத்தைப் பார்த்தார். "மலையில மழக்கோளு இருக்கு சாரே. இன்னைக்கே ஏறிருவோம். நாளைக்கி வழி எப்பிடியோ."

நான் நம் தேவாலயச் சபையில் டீக்கன், பொறுப்புக்காரன். ஞாயிற்றுக்கிழமை நம் வீடுகளில் அடுப்புகூட மூட்டுவதில்லை. சனிக்கிழமையே பொங்கி வைத்துவிடுவோம். ஓய்வுநாளில் வண்டி ஏறமாட்டோம் என்று உனக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன்.

"கெடையில கெடக்கவனுக்கும் ஓய்வுநாளு உண்டா மக்கா?" என்று கேட்டாய். கொஞ்சநேரம் இருமிவிட்டு, "செரி, நீ சொன்னா செரி" என்று படுத்துக்கொண்டாய். உன்னோடு எத்தனையோ வாதத்தில் தோற்றிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் என்னை ஜெயிக்கவிட்டாய், பாவி.

திங்கட்கிழமை அடிவாரம் போனபோது மழையில் பாறை சரிந்து பாதை அடைபட்டிருந்தது. மதுரைக்கே திரும்பினோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஐந்து நாள் மூச்சுக்கு அல்லாடினாய். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆண்டவர் சித்தம் என்கிறார்கள் சபையில். அது என் சித்தம். ஒருநாள் முந்தி ஏறியிருந்தால் பிழைத்திருப்பாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. தெரியாமலே சாகப்போகிறேன்.

விடிந்ததும் உன்னைப் போர்த்திப் பின்சீட்டில் கிடத்தினோம். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். குத்திக்காட்டுகிற மனிதர் இல்லை அவர், மரியாதைக்குத்தான் கேட்டார்.

"இன்னைக்கி ஞாயித்துக்கெழமயில்லா சாரே. போலாமா?"

"போவோம்" என்றேன். ஏழு நாள் முந்தி வராத சொல், எவ்வளவு லேசாக வந்தது. அதைத்தான் இன்னும் சுமக்கிறேன்.