பெரியமலையில் எரிந்த தீ

ஜவளகிரி
2-5-1955

சௌபாக்கியவதி காவேரிக்கு அப்பா எல்லப்பன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே யாவரும் சுகம் என்று வழக்கமாக எழுதுவேன், இன்றைக்கு அந்த வரி எழுதக் கை வரவில்லை அம்மா.

உன் கடுதாசி வந்தது. தம்பி போய்விட்டான் என்று மட்டும்தான் தந்தியில் இருந்தது, நன்றாக இருந்தவன் எப்படிப் போனான் என்று கேட்டிருக்கிறாய். என்னத்தைச் சொல்வேன். கீழே புல் கருகியதும் வருஷாவருஷம் போல முனிராஜ் மாடுகளைப் பெரியமலை மாட்டுப்பட்டிக்கு ஓட்டிப்போனான். உனக்குத் தெரியாததா, பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு பட்டி ஆளும் ஊரைப் பார்த்த பாறையில் தீ மூட்டவேண்டும், தீ தெரிந்தால் சுகம், தெரியாவிட்டால் கீழிருந்து ஆள் ஏறவேண்டும். இந்தக் காட்டில் அதைவிட உசந்த மலை கிடையாது, கீழ்நாட்டு ஊர்களுக்கெல்லாம் அது தெரியும். உன் அம்மா அந்தத் தீயைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள். ஒருநாள் தீ வழக்கத்தைவிடப் பெரிதாக எரிந்தது. "பாருங்க, எம்புள்ள இன்னிக்கி குஷியா இருக்கான்" என்று சிரித்தாள். நானும் கல்யாணப் பேச்சு காதில் விழுந்திருக்கும் என்று கேலி பேசிவிட்டு, ஒரு களி உருண்டை கூடவே தின்றேன். பாவி வயிறு. அன்றைக்கு அவனுக்கு மலைக்காய்ச்சல், குளிர் நடுக்கம் தாங்காமல்தான் கிடைத்த கட்டையை எல்லாம் போட்டிருக்கிறான்.

இதெல்லாம் பக்கத்துப் பட்டி ஆஞ்சப்பன் பிறகு சொல்லி அழுதது. "கீழ எறங்குடான்னு தலப்பாடா அடிச்சிகிட்டேன் மாமா, அவந்தான் மாட்ட வுட்டுட்டு வந்தா சிறுத்த சும்மா வுடுமா, நெருப்பு தெரிஞ்சா அம்மா நிம்மதியா தூங்கும், நீ போயி சொல்லிப்புடாதன்னு ஆண வாங்கிகிட்டான்" என்றான். அறையக் கை ஓங்கினேன், அவன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் தவழாத குறையாகப் பாறைக்குப் போய் மூட்டியிருக்கிறான் உன் தம்பி. நாங்கள் பார்த்துப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். தீ தெரியாத அன்றைக்கே நான் கிளம்பினேன், யானை நடமாட்டம் என்று ஊரார் பிடித்துக்கொண்டார்கள். விடிந்ததும் ஏறினேன். பாறைக்கடியில் சுள்ளிகளை அடுக்கிவைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருந்தான். தீப்பெட்டி கையில் இருந்தது. மாடு ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த மாடுகளை இப்போது பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, ஆனாலும் தண்ணீர் காட்டாமல் இருக்க முடியவில்லை.

உன் அம்மா இன்னமும் பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று மலையைப் பார்க்கிறாள். உள்ளே வாடி என்று அதட்டிவிட்டு நானும் பார்க்கிறேன். வருஷச் சாப்பாட்டுக்கு ராகியைக் குழியில் கொட்டி மூடிவைத்தாயிற்று, அதைப்பற்றிக் கவலைப்படாதே. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. துணி வியாபாரி லால் பாஷா பம்பாய் போய்வந்தார், உன்னை வீட்டில் பார்த்தாராம். "பாப்பா ரொம்ப எளச்சிப் போயிருக்குங்க, ஓயாம இருமுது" என்றார். நீ எழுதின கடுதாசி ஒவ்வொன்றிலும் 'நான் சுகம்' என்றுதானே இருக்கிறது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, நானும் அதே குடும்பத்து ஆள்தானே.

மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க நிற்காதே. தீர்க்காயுசாக இரு, என் தாயே. இனி எங்களுக்காகச் சுகம் என்று எழுதாதே. சுகமில்லை என்றால் சுகமில்லை என்றே எழுது, அன்றைக்கே ரயில் ஏறுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
எல்லப்பன்