மழைமானியில் நான் பெய்த மழை

உன் மழை நோட்டில் இன்னும் ஊதுபத்தி வாசனை போகவில்லை. எட்டு மாதம் உன் படத்துக்கு முன்னால் வைத்து, தினமும் புகை காட்டி, உன் அம்மா அதைப் பாதிச் சாமியாக்கிவிட்டார். பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு நோட்டுக்கு வந்த வாழ்வைப் பார்! இன்று காலை திறந்ததும் எனக்குத் தும்மல்தான் வந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்து உன் அம்மா முந்தானையை நீட்டினார். தும்மல் என்று நான் சொல்லவில்லை.

போன புரட்டாசியில் பயிர் ஆராய்ச்சி மேடம் ஐந்து நாட்டுக் குதிரைவாலி ரகங்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்தார். நாகமலைக்குப் பின்னால் இருக்கும் உங்கள் மானாவாரி நிலத்தில் ஒவ்வொன்றையும் ஒரு பட்டையாக விதைக்க வேண்டும். எந்த ரகம் எவ்வளவு மழைக்கு எவ்வளவு விளைகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக வரப்போரம் ஒரு மழைமானியை நட்டார்: மேலே புனல், உள்ளே கோடு போட்ட குழாய். காலை ஏழு மணிக்கு அளவு பார்த்து எழுதுவது உன் வேலை. உன்னை வெறுப்பேற்றுவது என் வேலை. அதை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

காய்ந்த தரையில் ஊற்றினால் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் தூறல் போட்ட நாளாகப் பார்த்து, உனக்கு முன்னாலேயே சைக்கிளில் வந்து என் தண்ணீர் பாட்டிலைப் புனலில் சாய்ப்பேன். நாலு மில்லிமீட்டர் பதினாலாகும். மழைமானிக்கே மானியம் கொடுத்த ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

"ஏ புள்ள, பதினாலுடி! வெறும் தூறல்னுல்ல நெனச்சேன்" என்று குதித்தாய்.

"ராத்திரி பேஞ்சிருக்கும். நீதான் கும்பகர்ணியாச்சே."

"கிழக்கால தோட்டத்து மாமா வச்சிருக்க மானில அஞ்சுதானாம். நம்ம நெலத்துல மட்டும் ஏன்டி இம்புட்டு?"

"மேகத்துக்கு உன் மூஞ்சி பிடிச்சுப்போச்சு போல."

நீ சிரிக்கவில்லை. யோசித்தாய். நோட்டின் ஓரத்தில், "மலை மேகத்தை மறிக்கிறதா?" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாய். அதைப் பார்க்க மலையடிவாரத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தாய். நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு பின்னால் வந்தேன். உன் பிறந்தநாளில் கேக் வெட்டும்போது உண்மையைச் சொல்லி, நீ என்னைத் துரத்தித் துரத்தி அடிப்பதுதான் என் திட்டம்.

பிறந்தநாளுக்கு முன் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றே நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "இன்னைக்கு அளவு பாத்தியாடி?" என்றாய். பார்த்தேன். அந்த மூன்று நாளும் சொட்டுத் தண்ணீர்கூட நான் ஊற்றவில்லை.

அறுவடையை நீ பார்க்கவில்லை. ஐந்து ரகத்தில் உன் செல்லமான செங்கதிர்தான் விளைச்சலில் உங்கள் நிலத்தில் முதலில் நின்றது. ஆனால் ஆனி மாதம் மேடம் கொண்டுவந்த அடுத்த ஆண்டுப் பட்டியலில் அது இல்லை.

"எங்க நெலத்துல அதுதானம்மா நல்லா வெளஞ்சுச்சு?" என்று உன் அம்மா கேட்டார்.

"உங்களுக்கு மழை அம்புட்டு கெடச்சிருக்கும்மா. பாப்பா நோட்டுல எழுதியிருக்கே. மத்த ரகமெல்லாம் வேற ஊர்ல கொறஞ்ச மழையிலயே வெளஞ்சிருக்கு. மழை கொறஞ்ச எடத்துக்கு இத நம்பிக் குடுக்க முடியாது."

கொஞ்ச மழையில் நிமிர்ந்து நின்ற பயிரை, நிறையக் குடித்துத்தான் வளர்ந்தது என்று பட்டம் கட்டி வெளியே தள்ளியது என் பாட்டில்.

எந்தெந்த நாள் ஊற்றினேன் என்று கண்டுபிடித்தால் கழித்துவிடலாம். உன் வீட்டில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். நாலு தடவையா, ஆறு தடவையா? பதினாலு எனக்குத் தெரியும். இன்னொரு பக்கத்தில் இருபத்தொன்று இருக்கிறது; அது மேகத்துடையதா, என் பாட்டிலுடையதா? செல்போனில் தேடினால் மதுரை நகரத்து மழை வருகிறது. நகரத்தில் வெயில் அடிக்கும்போது இங்கே கொட்டும் என்று அதற்கு யார் சொல்வது?

எரிச்சலாக வருகிறது. உன் மேலும்தான். வகுப்பில் யார் டிபன் பாக்ஸில் ரப்பர் பல்லி கிடந்தாலும் முதலில் என் காதைத்தான் பிடிப்பார்கள். நீ மலையைச் சந்தேகப்பட்டாய், மேகத்தைச் சந்தேகப்பட்டாய். பக்கத்தில் நின்ற என்னை ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

கடைசியில் உன் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப எம்புள்ள எழுதுனதெல்லாம் பொய்யாடி?"

"இல்ல அத்த. அவ பாத்ததத்தான் எழுதுனா. பொய்ய ஊத்துனது நானு."

"இதுல என்னடி சிரிப்பு இருக்கு?"

ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் அவரே நோட்டை உன் படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து, மேடத்தைக் கூப்பிட்டு, என்னையும் வரச் சொன்னார்.

"எந்தெந்த நாள்னு சொல்லு, எடுத்துரலாம்" என்றார் மேடம்.

"தெரியல மேடம்."

"கிழக்குத் தோட்டத்து அளவ வச்சும் சரிபண்ண முடியாதும்மா. இங்க வரப்புக்கு வரப்பு மழை மாறும்." நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இந்த மழைக் கணக்கு செல்லாது. செங்கதிர இன்னொரு பருவம் போட்டுப் பாப்போம், ஒரே ஒரு பட்டை. இந்தத் தடவையும் அளவு தப்புனா அதோட அதை விட்டுர வேண்டியதுதான்."

மழை அளவு எழுதிய பத்தி முழுவதும் ஒரு கோடு இழுத்தார். மலை பற்றிய உன் கேள்வியும் அதில் அடிபட்டது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. காரணத்தை என்னையே எழுதச் சொன்னார். உன் உருண்டை எழுத்துக்குக் கீழே என் கோழிக் கிறுக்கல்: "மழை அளவு நம்பத்தக்கதல்ல. நான் தண்ணீர் ஊற்றினேன்."

"இனிமே நீயே வந்து பாரு" என்றார் உன் அம்மா. "ஆனா நானும் கூட வருவேன்."

வருகிறார். வாசலிலேயே என் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறார். நான் குனிந்து அளவு பார்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறார். செங்கதிரைப் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தோம். நோட்டில் வரிசையாகச் சுழியம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுழியத்துக்கும் உன் பழைய பக்கத்தைத் திருப்பி, அந்த நாட்களைத் தேடுகிறேன். கிடைப்பதில்லை. கிடைக்கவும் போவதில்லை என்று தெரிந்தும் தேடுகிறேன்.

இன்று காலை குழாயில் பதினொன்று இருந்தது.

"பதினொன்னு அத்த" என்றேன். என் குரலே எனக்குப் பொய் மாதிரிக் கேட்டது.

உன் அம்மா குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விதைத்த பட்டையில் குத்தவைத்து, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார். தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் விட்டுப் பார்த்தார். வரப்போரம் மூன்றாவதாக ஒரு இடத்தில். எழுந்து, ஈர மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"எழுது" என்றார்.

எழுதினேன்.